முதல் வீச்சு

என் தூண்டில் தடியின் முதல் வீச்சை வீசியவர் என் அக்காவின் கணவர். நான் அல்ல. இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. ஒரு தடிக்காகவா இவ்வளவு கோபம் என்று கேட்டிருக்கிறார்கள். தடிக்காக இல்லை. ஆனால் தடியைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அத்தான் மடுல்கெல்லவில் தோட்டத்து லொறி ஓட்டுகிறார். சிரித்த முகம், யாரையும் நோகப் பேசமாட்டார். அவருக்குக் கைராசி உண்டு என்று எங்கள் குடும்பத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சித்தப்பாவின் முச்சக்கரவண்டியை முதன்முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியது அவர். எங்கள் தெருவில் ஒருவர் பலசரக்குக் கடை திறந்தபோது போணி செய்தது அவர். எங்கள் ரைஸ் குக்கரின் பொத்தானை முதலில் அழுத்தியதும் அவர்தான். அவர் வந்து அழுத்தும்வரை அம்மா மூன்று நாள் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

என் தொழில், இயந்திரங்களைத் தொடங்கிவைப்பது. இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடக் கருவிகளை விற்கும் ஒரு கம்பனியில் தொழில்நுட்பவியலாளராக இருக்கிறேன். பெட்டியைப் பிரிப்பேன், மேசையின் மட்டம் பார்ப்பேன், மின்சாரம் கொடுப்பேன். அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை ஓட்டி, திரையில் வரும் இலக்கம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். ஒத்துப்போனால் கையெழுத்துப் போடுவேன். பேராதனையிலிருந்து மாத்தளை வரை எத்தனையோ இயந்திரங்களின் முதல் பொத்தானை என் விரல் அழுத்தியிருக்கிறது. அவற்றில் ஒன்றும் ராசியில்லாமல் போகவில்லை. போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்துக்கு ஓர் இலக்கம் இருக்கும், இலக்கத்தைக் கைநூலில் தேடலாம்.

வீட்டில் அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. மோதிரம் மாற்றி ஐந்தாம் மாதம், அவர் அங்கேயே இன்னொரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. நான் இரண்டு நாள் லீவு போட்டேன், மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே செய்தார்கள். சொந்தத்தில் ஒரு சடங்கு வீட்டில் எனக்குப் பக்கத்தில் நின்றவளிடம் சீர்த் தட்டைக் கொடுத்தார்கள், எனக்கு அடுத்து நின்றவளிடமும் கொடுத்தார்கள். தைப்பொங்கலுக்குப் பானையில் அரிசி போடப் போனபோது அக்கா என் கையிலிருந்து அரிசிச் சுளகை வாங்கிக்கொண்டாள். இதையெல்லாம் தற்செயல் என்று தள்ளிவைத்தேன். மூன்றாவது தடவையைத் தள்ளிவைக்க முடியவில்லை.

சென்ற வருடம் கட்டுகஸ்தோட்டையில் இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சக் குறித்த நல்ல நேரம் காலை ஏழு பத்து. அத்தானும் அக்காவும் வரும் பஸ் வத்தேகமையில் நின்றுவிட்டது. ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு நான் காஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன். அம்மா வந்தார், அடுப்பை அணைத்தார். பாலை வேறு சட்டிக்கு மாற்றினார். அடுப்பின் மேல் ஈரத்துணியால் ஒரு துடை. பிறகு நாங்கள் இருவரும் கதிரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அம்மாவும் தொடமாட்டார். அப்பா போன பிறகு அவர் தன் கையைத் தானே ஒதுக்கிக்கொண்டுவிட்டார். இரண்டு பெண்கள், தீக்குச்சி, காஸ், பால், எல்லாம் இருக்கும் வீட்டில் ஓர் அடுப்பைப் பற்றவைக்க மடுல்கெல்லவிலிருந்து ஓர் ஆண் வர வேண்டியிருந்தது. நல்ல நேரம் தப்பிப்போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அத்தான் பற்றவைத்தார், பால் பொங்கியது. பால் பொங்கத்தானே செய்யும்?

மீன்பிடிக்கும் ஆசை எனக்கு ஒரு மின்வெட்டால் வந்தது. திகனவில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கருவி நிறுவப் போயிருந்தேன். மின்சாரம் போய்விட்டது, வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். எங்கள் வேன் சாரதி விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனார். பின் சீட்டில் அவருடைய தடி கிடந்தது. எடுத்தேன். பாண் துண்டை உருட்டி முள்ளில் குத்தி எறிந்தேன். உள்ளங்கை அளவு ஜப்பான் மீன், அதாவது திலாப்பியா, ஒன்று வந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி, வயதைப் பற்றி, ஒன்றும். இப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எனக்கென்று ஒரு தடி வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் வழக்கம்போல ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டேன்.

இணையத்தில் தடி தேர்வு செய்வது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். அவர்கள் வாயைத் திறந்தால் பாஸ் என்ற ஒரு மீனைப் பற்றித்தான். அந்தத் தடி பாஸுக்கு, இந்த இரை பாஸுக்கு. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் பாஸ் இல்லை. விரால்தான் உண்டு. ஆனால் இரண்டின் குணத்தையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் பாசிக்குள் ஒளிந்திருக்கும். இரண்டும் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும். கவ்விய உடனே மறுபடியும் பாசிக்குள் ஓடிப்போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆகவே பாஸுக்குச் சொன்ன தடி விராலுக்குப் பொருந்தும் என்று எழுதி அடியில் கோடிட்டேன்.

தடி ஆறரை அடி, அதற்கு மேல் நீளமென்றால் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, இரண்டாகக் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முதுகு விறைப்பாக இருக்க வேண்டும், நுனி மட்டும் வளைய வேண்டும். முழுத் தடியும் வளைந்தால் மீனைப் பாசியிலிருந்து இழுக்க முடியாது. ரீல் மூவாயிரம் அளவு, சுருளின் முன்பக்கம் இழுவையைத் திருகி மாற்றக்கூடியது. இழுவை என்பது மீன் பலமாக ஓடினால் நூல் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. நூல் பின்னலிட்டது. இங்கே எல்லோரும் பாவிக்கும் தங்கூசி, அதாவது ஒற்றை நைலோன் நரம்பு, இழுத்தால் நீளும். நீண்டால் முள் சரியாகக் குத்தாது. இரைகளில் எட்டு வகையை எழுதி ஆறை வெட்டினேன். மிஞ்சியவை கரண்டி என்று சொல்லும் பளபளப்பான தகட்டு இரை ஒன்று, ஒரு ரப்பர் தவளை. தவளையின் வயிறு வெற்றாக இருக்கும், முள் இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், பாசியில் மாட்டாது. மீன் கடித்து அமுக்கும்போதுதான் முள் வெளியே வரும்.

அக்குறணையில் ஒரு கடைக்குப் போனேன். முன்பக்கம் கிரிக்கெட் மட்டை, உள்பக்கம் தூண்டில் சாமான். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், அங்கே எல்லோருக்கும் அவர் நாநா, அதாவது அண்ணன்.

"வாங்க தங்கச்சி. யாருக்குப் பார்க்கிறீங்க? நாநாவுக்கா, மாப்பிளைக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கா? அப்ப ரோஸ் கலர்ல சின்னதா ஒன்னு ஈக்குது, காட்டவா?"

"ரோஸ் வேணாம். ஆறரை அடியில, முதுகு வெறப்பா, நுனி மட்டும் வளையிற தடி காட்டுங்க."

அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "டேய், மேல் தட்டுல ஈக்கிறத எறக்குங்கடா. இங்க ஒருத்தங்க லிஸ்டோட வந்தீக்கிறாங்க!"

மூன்று தடி இறக்கினார்கள். ஒவ்வொன்றையும் பொருத்தி ஒரு கண்ணை மூடி நூல் ஓடும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து வளையங்களின் உள்விளிம்பில் சுற்றினேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு இழைபிடிக்கும். முதல் தடியின் நான்காம் வளையத்தில் பிடித்தது. அதை ஒதுக்கினேன். ரீலின் கைபிடியை மெதுவாகச் சுற்றி, நிறுத்தி, பின்னுக்கு ஆட்டினேன். ஆட்டம் இருந்தால் வேண்டாம். தவளையை இரண்டு விரலால் அமுக்கி முள் வெளியே வருகிறதா என்று பார்த்தேன்.

கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, மாப்பிள பார்க்கிறதுக்குக்கூட ஒருத்தரும் இவ்வளவு பார்க்கமாட்டாங்க."

"அதப் பார்க்காமத்தான் நாநா விட்டுட்டோம்."

அவர் சிரிக்க வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த ரீலைத் திரும்ப வைத்துவிட்டு, உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். "இத எடுங்க. அது காட்டுறதுக்கு வெச்சது. இது பாவிக்கிறதுக்கு." கட்டிக் கொடுக்கும்போது பிஸ்மி சொன்னார். "மொத மீன் உங்கட கைக்கு வரட்டும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா தடியின் தக்கைப் பிடியில் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். நான் தடுக்கவில்லை. நூலை நனைத்து முடிச்சுப் போட்டேன். பயணப்பெட்டி நிறுக்கும் சின்னத் தராசில் நூலை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் ரீல் விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்து இழுவையைத் திருகி வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப தொடங்கப் போற?"

"ஞாயித்துக்கிழம."

"ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு?"

"மீன் எந்திரிக்கிற நேரத்துக்கு."

அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. சித்தப்பாவின் வண்டி, ஓட்டி வந்தது அத்தான். பின்னால் அக்கா, மடியில் தோசைப் பார்சல்.

"என்ன மச்சினிச்சி, எங்கள விட்டுட்டு மீன் புடிக்கப் போறியாம்? நாங்களும் வர்றோம்."

அம்மா ஏற்கெனவே சேலை மாற்றியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நீர்த்தேக்கத்தின் ஒரு மூலையில், தண்ணீர் வற்றிய இடத்தில் பாசி படர்ந்து, அதற்கு அப்பால் கறுப்புத் தண்ணீர் தொடங்கும் இடத்தை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். அங்கே போனோம். தடியைப் பொருத்தினேன், தவளையைக் கட்டினேன். நூலின் நுனியை வெட்டச் சின்னக் கத்தரிக்கோல் தேடிப் பைக்குள் குனிந்தேன். நிமிர்ந்தபோது தடி அம்மாவின் கையில் இருந்தது. சேலைத் தலைப்பால் பிடித்திருந்தார், தன் விரல்கூட அதில் படாமல். அதை அத்தானிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவ எறிஞ்சு குடுங்க தம்பி. பொறகு அவ எறியட்டும்."

"அம்மா, அது என்னோட தடி."

"ஒன்னோட தடிதான்டி. யாரு இல்லேன்னா? ஒரு தடவதானே."

அக்கா தோசைப் பார்சலைப் பிரித்தபடியே சொன்னாள். "காலங்காத்தால ஆரம்பிக்காத. நல்லதுக்குத்தானே செய்றாங்க."

அத்தான் தடியை வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்தார். "இத எப்படிம்மா தொறக்கிறது?"

நான்தான் திறந்து கொடுத்தேன். ரீலின் கம்பியை மேலே தூக்கிவிடாமல் எறிந்தால் நூல் சிக்கி அறுந்துவிடும், தவளை போய்விடும். ஆகவே கம்பியைத் தூக்கி, அவருடைய ஆள்காட்டி விரலில் நூலை வைத்து, "எறியும்போது விரல எடுங்க" என்றேன். அந்த நேரத்தில்கூட நான் தவளையைத்தான் காப்பாற்ற நினைத்தேன். இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வரும் இடம் அது.

அவர் கல்லெறிவதுபோல எறிந்தார். கறுப்புத் தண்ணீருக்குப் போகவேண்டிய தவளை பத்தடி தூரத்தில் பாசியின் மேல் தொப்பென்று விழுந்தது. இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தடியைப் பிடித்தபடி அக்காவின் பக்கம் திரும்பி, "சட்னி கொண்டாந்தியா?" என்று கேட்டார். தவளை அசையாமல் கிடந்தது. நூலின் நடுக்கத்தில் ஒரே ஒரு தடவை லேசாகத் துடித்தது.

பாசி வெடித்தது.

"ஐயோ, இழுக்குது!"

"சுத்துங்க! தடியத் தூக்கிட்டுச் சுத்துங்க!"

"எந்தப் பக்கம்டி சுத்துறது?"

"முன்னுக்கு, அத்தான், முன்னுக்கு!"

"ரிவர்ஸ் போட்டிராதீங்க!" என்று அக்கா கத்தினாள்.

அத்தான் லொறி ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல உடம்பை முழுவதும் திருப்பினார். அவர் செய்த ஒவ்வொரு தவறையும் தடி தாங்கியது. பாசிக்குள் ஓடிய மீனை முதுகு விறைப்பு இழுத்தது. திடீரென்று ஓடியபோது இழுவை கிர்ரென்று விட்டுக்கொடுத்தது. நூல் நீளவில்லை, முடிச்சு நழுவவில்லை. ஆறு மாதம் கொப்பியில் எழுதிய ஒவ்வொரு வரியும் என் கண் முன்னால் சரியாக வேலை செய்தது. நான் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, பூப்போட்ட பழைய சீத்தைத் துணித் துண்டால் விராலைச் செவுளுக்குப் பின்னால் பிடித்துத் தூக்கினேன். என் முன்கையைவிடப் பெரியது.

"பாத்தியா!" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரரு கைய!"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று நான் பார்க்கவில்லை.

மீனைப் பையில் போட்டுவிட்டுத் தவளையைக் கழுவினேன். "இப்ப நான்" என்றேன்.

"வேணாம் வா," என்றார் அம்மா. "மொத எறியிலயே வந்துருச்சு. நல்லதோட நிப்பாட்டிக்கிருவோம். இன்னொரு தடவ எறிஞ்சு வெறுங்கையா வந்தா அதுக்கு மேல இது வெளங்காது."

கரையில் பத்து நிமிடம் நின்றேன். அவர்கள் மூவரும் வண்டியில் ஏறிக் காத்திருந்தார்கள். எறிந்திருக்கலாம். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எறிந்தால் அது அவர்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கும் பரீட்சையாகிவிடும், மீன் வராவிட்டால் மூன்று பேருடைய முகத்திலும் ஒரே எழுத்து எழுதியிருக்கும். தடியைக் கழற்றாமலே எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைவரை அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் விரால் குழம்பு. பக்கத்து வீட்டு அக்கா வந்தார், எதிர்வீட்டு ஆட்கள் வந்தார்கள். அம்மா கதையைச் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது தவளை நேராக மீனின் வாய்க்குள் போய் விழுந்தது. பஞ்சுக் குச்சியும் தராசும் எந்தத் தடவையும் கதையில் இல்லை. தண்ணீரில் இறங்கிப் பிடித்தவளும் இல்லை.

பின்னேரம் அவர்கள் புறப்படும்போது அம்மா உள்ளிருந்து தடியைக் கொண்டுவந்தார். மறுபடியும் சேலைத் தலைப்பால்.

"இது தம்பிகிட்டயே இருக்கட்டும். கை ஒத்துக்கிட்ட சாமான். வேற கைக்கு மாத்தக் கூடாது."

அத்தான் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். தடியை அவருக்குப் பிடித்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. "ஒரு மாசம் வச்சிருந்துட்டுத் தாறனே மச்சினிச்சி. அங்கிட்டு எங்க தோட்டத்துக் கொளத்துல..."

"என் கைக்கு என்ன?" என்றேன்.

அக்கா செருப்பைத் தேடினாள்.

"நெசமாத்தான் கேக்குறேன். என் கைக்கு என்ன வந்துச்சு? யாராவது ஒரு ஆளு வாயத் தொறந்து சொல்லுங்க."

"இப்ப என்னத்துக்குடி இந்தப் பேச்சு," என்றாள் அக்கா. "அக்கம்பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். அடுப்ப நான் பத்தவச்சா அணைக்கிறீங்க. அரிசி போடப் போனா சுளகப் புடுங்குற. இப்ப என் தடி எனக்கே ஆகாதுங்கிறீங்க. அவன் கட்டார்ல போய் ஒருத்தியக் கட்டுனான். அதுல என் கை என்ன செஞ்சுச்சு?"

அம்மா கதிரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஒன் கையில மோதிரம் ஏறி எறங்கிருச்சு. ஊரு அதத்தான் பாக்கும். நா மட்டும் என்ன? ஒங்க அப்பா போனதுலருந்து நா ஒரு வெளக்கக்கூட மொதல்ல பொருத்துனதில்ல. நா என்ன சண்டைக்கா போனேன்? இருந்துட்டுப் போறேன்னு இருக்கேன்ல?"

அதுவரை எனக்கிருந்த கோபம் ஒன்று, அதைக் கேட்டபின் வந்த கோபம் வேறொன்று. அம்மாவுக்கு வலித்திருக்கிறது, எந்த இடத்தில் வலிக்கும் என்று நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டே அதே இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறார். பக்கத்தில் இன்னொரு கதிரை போடுவதுபோல. அப்பா இறந்தபோது அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. எத்தனை விளக்கு, எத்தனை அடுப்பு. அவற்றையெல்லாம் தொடாமல் இருந்ததற்காக அவருக்கு யாரும் ஒன்றும் தந்துவிடவில்லை.

அத்தானின் கையிலிருந்து தடியை வாங்கினேன். அவர் பிடியை விட்டார். நூலை வெட்டித் தவளையைக் கழற்றினேன், ரீலின் கம்பியை மூடி நூலைச் சுற்றினேன், அடித்திருகைக் கழற்றி ரீலை எடுத்தேன். தடியைத் திருகி இரண்டாகப் பிரித்தேன். பிடியில் காய்ந்திருந்த குங்குமத்தை என் உள்ளங்கையால் துடைத்தேன். பையின் வாய் சுருங்கியிருந்தது, என்னால் ஒரு கையால் விரிக்க முடியவில்லை. அத்தான் வந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"நா தொடங்குன டீக்கடைய எட்டு மாசத்துல மூடுனேன்," என்றார் தாழ்ந்த குரலில். "அத யாரும் சொல்றதில்ல. எங்கல்யாணத்துக்கு முந்தி."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போல.

"இத்தன வருசமா ஏன் அத்தான் சொல்லல?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "எல்லாரும் கூப்புடுறாங்க, தேத்தண்ணி குடுக்குறாங்க, மரியாதையா இருக்கு. எப்படிச் சொல்றது?"

அவர் அன்றைக்கு உண்மை சொன்னதற்காக நான் உருகிப்போனேன் என்று எழுதினால் அது பொய். அவருக்குக் கிடைத்த அந்தத் தேத்தண்ணி ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டில் ஓர் அடுப்பு அணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அவளே பத்தவைக்கட்டும் அத்தை" என்று அவர் சொல்லியிருந்தால் போதும். கைராசிக்காரர் சொன்னால் கேட்டிருப்பார்கள். அதை அவரிடமே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், வண்டியைக் கிளப்பினார்.

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகப் போனேன். பஸ்ஸில், பையை மடியில் வைத்துக்கொண்டு. பாசிக்கு அப்பால் கறுப்புத் தண்ணீரில் வீசினேன், நான் நினைத்த இடத்தில் தவளை விழுந்தது. ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லையா?"

"இல்ல."

அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு மழை, தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. குரலில் ஏளனம் இல்லை, அதைவிட மோசமான ஒன்று இருந்தது. இரக்கம். ஒரே ஒரு மாதிரியை ஓட்டிவிட்டு இயந்திரத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவனை என் வேலையிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு மீன் போதுமாக இருந்தது. நான் கொப்பியில் நாள், நேரம், தண்ணீரின் நிறம், எந்த இரை, எத்தனை வீச்சு என்று எழுதிக்கொண்டே போனேன். கோபத்தில் எழுதியதால் எழுத்து அடுத்த பக்கத்தில் பதிந்திருக்கிறது.

ஐந்தாம் ஞாயிறு, காலை ஏழு மணிபோல, தவளையை இரண்டு தடவை துடிக்கவிட்டு நிறுத்தியபோது அது வந்தது. பாசி பிளந்தது. நான் அவசரப்படவில்லை. இரண்டு எண்ணினேன், முள் குத்தத் தடியைச் சட்டென்று உயர்த்தினேன். தடி முதுகிலிருந்து இழுத்தது. முதல் ஓட்டத்தில் நூல் போனது, விட்டேன். இரண்டாம் ஓட்டத்தில் திருப்பினேன். கரைக்கு வந்தபோது வாயைத் திறந்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அத்தான் பிடித்ததைவிடப் பெரியதா என்று முழத்தால் அளந்து பார்க்கத் தோன்றியது. அளக்கவில்லை. என் கை ஈரமாக, சேறு பூசி, பாசி ஒட்டி இருந்தது.

கொண்டுபோயிருக்கலாம். குழம்பு வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டு அக்கா வந்திருப்பார். இவ கையும் சரிதான் என்று அம்மா நான்கு பேரிடம் சொல்லியிருப்பார். அடுத்த பொங்கலுக்குச் சுளகு என்னிடம் வந்திருக்கும். எல்லோருக்கும் நிம்மதி. அதைத்தான் நினைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். நினைக்க நினைக்கக் கோபம்தான் வந்தது. என் கை சரியா என்று ஒரு மீனிடம் கேட்டு, மீன் ஆம் என்ற பிறகு இவர்கள் ஒத்துக்கொள்வார்களாம். அப்படியானால் இந்த நான்கு வாரமும் அது சரியில்லாத கையாக இருந்ததா? அம்மாவின் கைக்கு எந்த மீன் வந்து சாட்சி சொல்லும்?

முள்ளைக் கழற்றினேன். விராலை இரண்டு கையாலும் தண்ணீரில் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு வாலை ஒரு தடவை அடித்து என் முகத்தில் சேற்றை வாரிவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பையைப் பார்த்தார்.

"இன்னைக்கும் ஒன்னும் இல்லையா?"

"புடிச்சேன். விட்டுட்டேன்."

அம்மா நம்பவில்லை. அவர் முகத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. நம்பவைக்க நான் ஒன்றும் செய்யவில்லை. கிணற்றடியில் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.